வேலூருக்கு எத்தனை எழுத்து?

தமிழ்நாடு அரசின் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுக்கும் மாணவி பதினொன்றாம் வகுப்பில் சி++ படிக்கிறார், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிக்கிறார். கணினிப் பயன்பாடுகள் எடுக்கும் மாணவருக்கு முதல் ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட், மறு ஆண்டு பிஎச்பி. 2018-இலும் 2019-இலும் புதிய பாடநூல்கள் வந்தபோது அமைந்த ஏற்பாடு இது. ஆக, ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பேர்ணாம்பட்டிலோ இரண்டு பிரிவும் உள்ள மேல்நிலைப் பள்ளியில், ஒரே கணினி அறைக்குள் நான்கு நிரல்மொழிகள் புழங்குகின்றன.

அந்த நான்கு மொழிக்காரர்களுக்கும் ஒரே ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துப் பார்ப்போம். 'வேலூர்' என்ற சொல்லின் நீளம் என்ன? ஒவ்வொருவரும் தங்கள் பாடநூலில் உள்ள வழியிலேயே கணினியைக் கேட்கட்டும். கோப்பு யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டிருந்தால் சி++ 18 என்று சொல்லும். பிஎச்பியின் 'ஸ்ட்ர்லென்' கட்டளையும் 18 என்றே சொல்லும். பைத்தான் 6 என்னும். ஜாவாஸ்கிரிப்டும் 6 என்னும். ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் வே, லூ, ர் என்று விரல்விட்டு எண்ணி 3 என்று சொல்லும்.

யாரும் தவறு செய்யவில்லை. நிரல் பிசகவில்லை, கணினியும் பழுதில்லை. 'நீளம்' என்று நாம் கேட்டதை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் தனித்தனிப் புத்தகத்தில் தனித்தனி மொழியாகப் படிக்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. நான்கு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் கேள்வி எழுகிறது. இப்படி ஒரே கணக்கைப் பல மொழிகளில் செய்துகாட்டும் சிறு நிரல்களைத் திரட்டுவதும் பகிர்வதும் எதற்கு, எப்படி என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் பள்ளிகளும் கல்லூரிகளும் அப்படியொரு தொகுப்பைத் தமக்கென உருவாக்க வேண்டும் என்பது நம் கருத்து.

மூன்று விடைகளும் வந்த வழி

முதலில் அந்தப் புதிரை அவிழ்த்துவிடலாம்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் ஒதுக்கும் பொதுத் திட்டம் யூனிகோடு. 1991-இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இந்திய மொழிகளுக்காக 1988-இல் வகுக்கப்பட்ட இஸ்கி முறையைப் பின்பற்றி அங்கே தமிழுக்கு இடம் வகுத்தார்கள். அதன்படி உயிரெழுத்துக்கு ஓர் எண் உண்டு, அகரமேறிய மெய்க்கு ஓர் எண் உண்டு. கொம்பு, கால், சுழி, புள்ளி போன்ற துணைக்குறிகளுக்குத் தனித்தனி எண்கள் உண்டு. எனவே 'வே' என்பது கணினியின் கண்ணில் வகரமும் இரட்டைக் கொம்பும் சேர்ந்த இரண்டு குறிகள். 'லூ' இரண்டு. 'ர்' என்பதும் ரகரமும் புள்ளியுமாக இரண்டு. மொத்தம் ஆறு. பைத்தான் எண்ணுவது இந்தக் குறிகளை.

இந்தக் குறிகளைக் கோப்பில் சேமிக்க யூடிஎஃப்-8 என்ற முறை பெரும்பாலும் பயன்படுகிறது. அதில் நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிக்கும். ஆறு குறிக்குப் பதினெட்டு பைட். சி++-இன் சாதாரணச் சரமும் பிஎச்பியின் 'ஸ்ட்ர்லென்' கட்டளையும் எண்ணுவது இந்தப் பைட்டுகளை.

ஜாவாஸ்கிரிப்ட் யூடிஎஃப்-16 என்ற வேறொரு முறையின் அலகுகளை எண்ணுகிறது. நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அந்த முறையில் ஓர் அலகுதான். அதனால்தான் பைத்தானின் 6-உம் ஜாவாஸ்கிரிப்டின் 6-உம் ஒன்றுபோல் தெரிகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2019-இல் வந்த யூனிகோடு 12-ஆம் பதிப்பில் பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் 1/320-ஐக் குறிக்கும் முந்திரிக் குறியைக் கொடுத்து நீளம் கேட்டால் பைத்தான் 1 என்னும், ஜாவாஸ்கிரிப்ட் 2 என்னும். ஒன்றாக இருந்த விடை பிரிந்துவிடும். ஒரே ஒரு சோதனைச் சொல்லோடு நின்றுவிட்டால் இந்த வேறுபாடு தெரியாமலே போயிருக்கும்.

குழந்தை சொன்ன 3 என்ற விடையைத் தரும் மொழியும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ஸ்விஃப்ட், கேட்ட மாத்திரத்தில் 3 என்றே சொல்லும். குறிகள் சேர்ந்து மனிதக் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை அது ஓர் அலகாக எடுத்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலும் பிஎச்பியிலும் அதற்கென உள்ள தனிக் கருவிகளை அழைத்தால் 3 கிடைக்கும். பைத்தானின் அடிப்படை நூலகத்தில் அப்படியொன்று இல்லை. வெளியிலிருந்து ஒரு நூலகத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழுக்கென்றே எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் நூலகம் இந்த வேலையைச் செய்கிறது.

ஒரு சொல்லின் நீளம் என்ற ஒற்றைக் கேள்வியை நான்கைந்து மொழிகளில் கேட்டதற்கே பைட், குறி, அலகு, எழுத்து என்ற நான்கு கருத்துகள் தெளிந்துவிட்டன. இதை ஒரே மொழியில் விளக்கிப் புரியவைக்கப் பல பக்கங்கள் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்த நான்கு சிறு நிரல்களுக்கு ஒரு பக்கம் போதும்.

கேள்வியை வைத்து அடுக்குவது

சிறு நிரல்களைச் சேர்த்து வைக்கும் வழக்கம் நிரல் எழுதும் தொழில் அளவுக்கே பழையது. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் 1978-இல் வெளியிட்ட சி மொழி நூலின் தொடக்கத்தில் 'ஹலோ, வேர்ல்டு' என்று அச்சிடும் சின்ன நிரல் இருக்கிறது. அதன்பின் வெவ்வேறு மொழிகளைக் கற்பிக்க வந்த பலரும் அந்த நிரலில்தான் தொடங்கினார்கள். ஒரே வேலை, வெவ்வேறு மொழி என்ற ஒப்பீடு அப்போதே மறைமுகமாகத் தொடங்கிவிட்டது எனலாம்.

1998-இல் டாம் கிறிஸ்டியான்சனும் நேதன் டார்கிங்டனும் எழுதிய 'பெர்ல் குக்புக்' வந்தது. பெர்ல் மொழியில் அன்றாடம் எதிர்ப்படும் சிக்கல்களும் அவற்றுக்கான சிறு நிரல்களும் கொண்ட நூல் அது. அதன் கேள்விகளை அப்படியே வைத்துக்கொண்டு விடைகளை மட்டும் மற்ற மொழிகளில் எழுதும் 'பிளியாக்' என்ற கூட்டு முயற்சி பின்னர் பிறந்தது. 2007-இல் மைக் மோல் தொடங்கிய ரொசெட்டா கோடு இந்த எண்ணத்தை இன்னும் விரித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணிகளுக்கு நூற்றுக்கணக்கான நிரல்மொழிகளில் எழுதிய விடைகள் அங்கே சேர்ந்திருக்கின்றன.

இவற்றில் நாம் கவனிக்க வேண்டியது அடுக்கிய முறை. மொழிக்கொரு தலைப்புப் போட்டு நிரல்களைக் குவிக்கவில்லை. பணிக்கொரு தலைப்புப் போட்டு, அதன்கீழ் மொழிகளை வரிசைப்படுத்தினார்கள். அதனால் கேள்வி மையத்துக்கு வந்தது. கேள்வியைத் துல்லியமாக எழுத வேண்டிய கட்டாயமும் வந்தது. சொல்லின் நீளத்தைக் கேட்கும் பணியில் பைட் கணக்கையும் எழுத்துக் கணக்கையும் தனித்தனியே தரச் சொல்கிறது ரொசெட்டா கோடு. பல பேர் பல மொழிகளில் விடை எழுதும்போது மேம்போக்கான கேள்வி தாங்காது.

தமிழ்ப் பக்கமும் உழைப்புக்குக் குறைவில்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழி பற்றிய கட்டுரை 2009-இல் வெளிவந்தது. பதிப்பி "வேலூர்" என்று எழுதினால் திரையில் வேலூர் என்று வரும் மொழி அது. அவரும் தோழர்களும் சேர்ந்து வளர்த்ததுதான் முன்பு சொன்ன ஓப்பன்-தமிழ் நூலகம். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும் பாடங்களையும் யாரும் படியெடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தில் தமிழிலேயே தந்துவருகிறது. இவர்கள் இட்ட அடித்தளம் உறுதியானது. அதன்மேல், ஒரே கேள்விக்குப் பல மொழி விடைகளை அருகருகே வைக்கும் அடுக்கு ஒன்று வேண்டும்.

நமக்கென்று தனிக் கேள்விகள் ஏன்?

ஆயிரம் பணிகள் ஏற்கெனவே திரண்டிருக்கும்போது நாம் வேறு எதற்குத் தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். நிரலுக்குக் கொடுக்கும் உள்ளீடு ஆங்கிலமாக இருக்கும்வரை தமிழுக்கு வரும் சிக்கல் வெளியே தெரியாது என்பதே பதில். மூன்று கேள்விகளைப் பார்ப்போம்.

முதல் கேள்வி: முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் சொல்லா என்று கண்டுபிடி. உலகம் முழுவதும் முதலாண்டு மாணவருக்குத் தரும் பயிற்சி இது. சொல்லைத் திருப்பிப்போட்டு, பழைய சொல்லோடு ஒப்பிட வேண்டும். பைத்தானில் ஒரே வரி. இதற்குத் தமிழில் யாரும் சொல்லும் எடுத்துக்காட்டு 'விகடகவி'. அதைக் கொடுத்தால் அந்த ஒற்றை வரி நிரல், 'இல்லை' என்று பதில் சொல்லும். காரணம், அது எழுத்துகளைத் திருப்பாமல் குறிகளைத் திருப்பிவிடுகிறது. கடைசி 'வி'-இல் உள்ள இகரக் குறி மெய்யைவிட்டுப் பிரிந்து முன்னால் வந்து நிற்கிறது. ஐந்து எழுத்துச் சொல்லை ஏழு குறிகளாகப் பிரித்தால் விகடகவி விகடகவியாக இருப்பதில்லை. எழுத்து எழுத்தாகப் பிரித்துக்கொண்டு பிறகு திருப்பினால்தான் சரியான விடை வரும்.

இரண்டாம் கேள்வி: பட்டியலில் ஒரு சொல்லைத் தேடு. தோல் பதனிடும் நம் வட்டாரத்தின் சொல்லையே எடுப்போம், 'தோல்'. இதில் உள்ள ஓகாரத்தை இரண்டு வகையில் சேமிக்க யூனிகோடு இடம் தருகிறது. ஓகாரக் குறியை ஒரே எண்ணாக வைக்கலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாகவே தெரியும். ஆனால் முதல் வகையில் அந்தச் சொல்லுக்கு நான்கு குறிகள், இரண்டாம் வகையில் ஐந்து. இரண்டையும் சமமா என்று சாதாரண முறையில் கேட்டால் நான்கு நிரல்மொழிகளும் 'சமம் இல்லை' என்றே சொல்லும். கிடங்கின் சரக்குப் பட்டியலில் ஒரு வகையில் பதிவான பெயரை மற்றொரு வகையில் தட்டச்சு செய்து தேடினால், இருக்கும் சரக்கு இல்லை என்று வரும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதுதான் தீர்வு. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதற்கான கருவி உடனேயே கிடைக்கிறது. பிஎச்பியில் பன்மொழி நீட்சியை நிறுவியிருக்க வேண்டும். சி++-இன் சொந்த நூலகத்தில் அது இல்லை.

மூன்றாம் கேள்வி: சொற்களை அகரவரிசையில் அடுக்கு. 'கயிறு', 'கனவு' என்ற இரண்டே சொற்கள் போதும். தமிழ் நெடுங்கணக்கில் யகரம் முன்னே வரும், றன்னகரம் கடைசியில் வரும். எனவே கயிறு முதலில், கனவு பிறகு. யூனிகோட்டின் எண் வரிசையிலோ னகரம் நகரத்துக்கு அடுத்தே வைக்கப்பட்டிருக்கிறது. எண்ணைப் பார்த்து மட்டும் அடுக்கும் நிரல் கனவை முன்னே வைத்துவிடும். இதேபோல வகரத்துக்கு முன்னால் ழகரம் வந்து நிற்பதால் 'அவல்' இருக்க வேண்டிய இடத்தில் 'அழகு' வரும். வாக்காளர் பட்டியலோ வருகைப் பதிவேடோ நூலக அட்டவணையோ, தமிழில் அடுக்கப்படும் எதற்கும் இந்தச் சிக்கல் உண்டு.

இந்த மூன்றிலும் ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துச் சோதித்திருந்தால் நிரல் எல்லாத் தேர்விலும் தேறியிருக்கும். நம் சொற்களைக் கொடுக்கும்போதுதான் குறை வெளிப்படுகிறது. ஆகவே நிரல்களை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம், கேள்விகளையும் சோதனைச் சொற்களையும் நாம்தான் எழுத வேண்டும்.

தோல் கணக்குகள்

எழுத்துக் கணக்கு தமிழர் எல்லோருக்கும் பொது. இந்தப் பாலாற்றங்கரை வட்டாரத்துக்கே உரிய கணக்குகளும் இருக்கின்றன.

பதனிட்ட தோல் பரப்பளவில் விலைபோகும் சரக்கு. ஒரு வாங்குபவர் சதுர அடியில் கேட்பார், மற்றொருவர் சதுர டெசிமீட்டரில் கேட்பார். ஒரு சதுர அடி 9.290304 சதுர டெசிமீட்டர். தோலின் மேல் அளவை எழுதும்போது முழு அடியைப் பெரிதாக எழுதி, அதன் வலது தோளில் கால் அடிகளின் எண்ணிக்கையைச் சிறிதாகப் போடும் வழக்கம் உண்டு. 12-இன் தோளில் 2 இருந்தால் பன்னிரண்டரை சதுர அடி. அதை அப்படியே கணினியில் தட்டினால் 122 ஆகிவிடும். பன்னிரண்டரையை 12.5 என்று படித்து, கூட்டி, டெசிமீட்டருக்கு மாற்றி 116.13 என்று தருவது பத்து வரிக்குள் அடங்கும் அருமையான பயிற்சி.

இதிலும் மொழிக்கு மொழி வேறுபாடு காத்திருக்கிறது. 12.5-ஐ முழு எண்ணாக்கு என்று சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, சி++ மூன்றின் முழுமையாக்கும் கட்டளைகளும் 13 தரும். பைத்தான் 3 மட்டும் 12 தரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது அதன் விதி. இரண்டு விதிகளுமே கணக்கியலில் ஏற்கப்பட்டவை. ஆனால் பன்னிரண்டரை அடித் தோல்கள் பத்தை ஒவ்வொன்றாக முழுமையாக்கிக் கூட்டினால் ஒரு பட்டியலில் 130 அடி, மற்றொன்றில் 120 அடி. உண்மையான அளவு 125. கூட்டிய பிறகுதான் முழுமையாக்க வேண்டும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லிவிட முடியாது.

காலணி அளவு இன்னொன்று. ஐரோப்பிய அளவில் ஒரு புள்ளி என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆங்கில அளவில் ஒரு படி என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. லாஸ்ட் எனப்படும் அச்சின் நீளம் 26 சென்டிமீட்டர் என்றால் ஐரோப்பிய எண் 39. ஆங்கில எண்ணுக்கு அதை அங்குலமாக்கி, மூன்றால் பெருக்கி, 25-ஐக் கழிக்க வேண்டும். ஏறத்தாழ 5.71 வரும். ஆனால் கடையில் 5.71 என்று ஒரு காலணி கிடையாது. பாதிப் பாதியாகத்தான் அளவுகள் உண்டு. பாதிக்கு முழுமையாக்குவது எப்படி? இரண்டால் பெருக்கி, முழுமையாக்கி, மறுபடி இரண்டால் வகுத்தால் 5.5. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் தாயின் மகள் இந்தக் கணக்கை நிரலாக எழுதும்போது, தன் வீட்டாருக்குத் தெரிந்த ஒன்றைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கணினிப் பாடம் அந்நியமாக இருப்பதில்லை.

துண்டு மட்டும் போதாது

ஒரு தொகுப்பு எப்போது பயன்படும், எப்போது குப்பையாகும் என்பதை நம் ஊர்த் தொழிலே சொல்லித்தருகிறது. தோல் பதனிடும் இடங்களில் சாயமேற்றிய தோலின் சிறு துண்டை வெட்டி அட்டையில் ஒட்டி வைப்பார்கள். துண்டோடு குறிப்பும் இருக்கும். என்ன தோல், தோலின் எடைக்கு எத்தனை சதவீதம் எந்த ரசாயனம், தண்ணீரின் சூடு எவ்வளவு, டிரம் எவ்வளவு நேரம் சுற்றியது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். அந்தக் குறிப்பு தொலைந்துவிட்டால் துண்டு அழகாக இருக்கும், அதே நிறத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

நிரல்துண்டும் அப்படியே. நிரலை மட்டும் எடுத்து ஒட்டிவைத்தால் ஆறு மாதம் கழித்து அது எதற்கு, எந்தப் பதிப்பில் ஓடியது என்று எழுதியவருக்கே தெரியாது. ஒவ்வொரு பதிவிலும் ஐந்து செய்திகள் இருக்க வேண்டும். ஒன்று, கேள்வி, எதை எண்ண வேண்டும், எதை எண்ணக்கூடாது என்ற வரையறையோடு. இரண்டு, உள்ளீடுகள், எளிய சொல் ஒன்று, சிக்கலான சொல் ஒன்று, வெற்றுச் சரம் ஒன்று. மூன்று, ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் வர வேண்டிய விடை. நான்கு, ஒவ்வொரு மொழியிலும் நிரல், மொழியின் பதிப்பு எண்ணோடு. ஐந்து, மொழிகளுக்கிடையே விடை மாறினால் ஏன் மாறுகிறது என்ற இரண்டு வரி விளக்கம்.

பதிப்பு எண் ஏன் கட்டாயம் என்பதற்குப் பைத்தானே சான்று. பைத்தான் 2-இல் 'வேலூர்' என்ற சாதாரணச் சரத்தின் நீளம் 18. பைத்தான் 3-இல் 6. ஏழை இரண்டால் வகுத்தால் பழையதில் 3, புதியதில் 3.5. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் அதில் எழுதிய நிரல்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எந்தப் பைத்தான் என்று எழுதாத நிரல் படிப்பவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடும்.

கேள்வியின் வரையறையும் அதே அளவு முக்கியம். 'லக்ஷ்மி' என்ற பெயரில் எத்தனை எழுத்து? க்ஷ் என்பதை ஒரே எழுத்தாக எண்ணுவோருக்கு மூன்று. யூனிகோட்டின் பொது விதிப்படி க், ஷ் இரண்டும் தனித்தனி. ஆக நான்கு. இதில் எது சரி என்று கணினி முடிவுசெய்யாது. தொகுப்பை உருவாக்கும் நாம் ஒரு முடிவெடுத்து, அதைக் கேள்வியிலேயே எழுதிவிட வேண்டும்.

காப்பி அடிக்கும் பழக்கம் வளராதா?

ஆசிரியர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டில் உள்ள நிரல்களை உருப்போட்டு எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஆயத்த நிரல்களை அள்ளிக் கொடுத்தால் அது இன்னும் பெருகாதா?

ஒரே மொழியில் ஒரே நிரலை, விளக்கமில்லாமல் கொடுத்தால் பெருகத்தான் செய்யும். நான்கு மொழிகளில் நான்கு நிரல்களைக் கொடுத்து, 'இரண்டில் 18 வருகிறது, இரண்டில் 6 வருகிறது, காரணம் எழுது' என்று கேட்டால் உருப்போட்டுத் தப்பிக்க முடியாது. நிரலை வரிவரியாகப் படித்துத்தான் ஆக வேண்டும். தவறான விடை தரும் நிரலையும் 'இது தவறு' என்ற குறிப்போடு தொகுப்பில் வைக்கலாம். விகடகவியில் தோற்கும் அந்த ஒற்றை வரி, சரியான பத்து வரிகளைவிட அதிகம் கற்றுத்தரும்.

கேட்ட நொடியில் நிரல் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு இந்த உழைப்பு எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். இப்போதுதான் இதன் தேவை கூடியிருக்கிறது. செயலி தரும் நிரல் சரியா என்று பார்க்க, சரியான விடை இன்னது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நம் சொற்களும் அவற்றுக்குரிய விடைகளும் கொண்ட பட்டியல் கையில் இருந்தால், எந்தச் செயலி தந்த நிரலையும் ஒரு நிமிடத்தில் உரசிப் பார்த்துவிடலாம். பட்டியல் இல்லையென்றால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

யார், எப்படித் தொடங்குவது

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரு பள்ளியின் கணினி ஆசிரியரும் பக்கத்துக் கல்லூரியின் கணினித் துறையும் கைகோத்தால் போதும். வேலூரில் விஐடி இருக்கிறது, பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி, ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி, மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி என்று தோல் வட்டாரத்தின் பல ஊர்களிலும் நிறுவனங்கள் உண்டு. பல மொழி தெரிந்தவர்களும் இங்கே கிடைப்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ஒழுங்குமுறையில் முதலாண்டு மாணவர்கள் சி மொழி படித்தார்கள், 2017 ஒழுங்குமுறையில் வந்தவர்கள் பைத்தான் படித்தார்கள். நான்கைந்து வயது வித்தியாசத்தில் வேறு வேறு மொழிகளில் கைதேர்ந்த அண்ணன்மாரும் அக்காமாரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

தொடக்கத்தில் இருபத்தைந்து கேள்விகள் போதும். பத்து தமிழ் எழுத்தைப் பற்றியவை, பத்து தோலும் காலணியும் பற்றியவை, ஐந்து பாடநூலில் உள்ளவை. ஒவ்வொன்றுக்கும் சி++, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி ஆகிய நான்கு மொழிகளில் விடை. நிரலை எழுதியவர் ஒருவர், அதை வேறொரு கணினியில் ஓட்டி விடையைச் சரிபார்த்தவர் மற்றொருவர் என்று இரண்டு பேர் கைபட்ட பிறகே ஒரு பதிவு தொகுப்பில் சேர வேண்டும். ஆயிரம் நிரல்களைச் சரிபார்க்காமல் குவிப்பதைவிட நூறு நிரல்களைச் சரிபார்த்து வைப்பது மேல்.

உரிமத்தையும் முதல் நாளே எழுதிவிட வேண்டும். நிரலுக்கு ஓப்பன்-தமிழ் நூலகம் பின்பற்றும் எம்ஐடி உரிமம் பொருத்தமானது. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் நீக்கக்கூடாது என்பதே அதன் சாரம். விளக்கக் குறிப்புகளுக்குக் கணியம் பின்பற்றும் கிரியேட்டிவ் காமன்ஸ் வழி நல்லது. பிறர் நிரலை எடுத்துச் சேர்த்தால் அவர் பெயரையும் அவர் இட்ட நிபந்தனையையும் கூடவே எழுத வேண்டும். உரிமம் எழுதாத நிரலைப் பார்க்கலாமே தவிர உரிமையோடு பயன்படுத்த முடியாது. பகிர்கிறோம் என்று நினைத்து நாம் வைப்பது பிறருக்குப் பயன்படாமல் போக அதுவே காரணமாகிவிடும்.

விளக்கக் குறிப்புகள் தமிழில் இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நிரலின் கட்டளைகள் எந்த மொழியில் இருந்தாலும், 'ஏன் இப்படி' என்பதைத் தாய்மொழியில் படித்தவர் மறப்பதில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் திணறும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இந்தக் குறிப்புகள் பிடிமானமாக இருக்கும். வட்டாரத்தில் உருது பேசும் குடும்பங்களும் ஏராளம். அதே கேள்விகளுக்கு உருதுச் சொற்களையும் உள்ளீடாகச் சேர்த்தால் வலமிருந்து இடமாக எழுதும் எழுத்துமுறையையும் மாணவர்கள் அறிந்துகொள்வார்கள். தமிழுக்கு நாம் எழுதிய நிரல் அங்கே நிற்கிறதா என்ற சோதனையும் நடந்துவிடும்.

ஒரு மொழியை மட்டும் கற்றவர், அது செய்வதையே இயற்கை என்று எண்ணிக்கொள்கிறார். இரண்டாவது மொழி வேறு விடை தரும்போதுதான் இரண்டுமே மனிதர் எடுத்த முடிவுகள் என்று விளங்குகிறது. முடிவுகள் என்று தெரிந்துவிட்டால் அவற்றைக் கேள்வி கேட்கலாம், நம் தேவைக்கு ஏற்ப மாற்றிக் கேட்கலாம், புதிதாக நாமே எடுக்கலாம். இந்தத் துணிவை மாணவருக்குத் தருவதுதான் கணினிக் கல்வியின் பயன். இந்த ஆண்டு ஒவ்வொரு கணினி அறையும் ஒரு கேள்வியை மட்டும் எழுதட்டும். ஊரில் புழங்கும் சொல்லிலிருந்தோ வேலையிலிருந்தோ எடுத்த கேள்வியாக இருக்கட்டும். அதற்கு நான்கு மொழிகளில் விடை கண்டு, பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லட்டும். அங்கிருந்து ஒரு கேள்வி இங்கே வரும். தொகுப்பு இப்படித்தான் வளரும்.